மருவுக்கு வேர் கிடையாது

கேள்வி: "வலது கைச் சுட்டுவிரலில் ஒரு மரு இருந்தது. நகவெட்டியால் வெட்டினேன், ரத்தம் நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி முளைத்து, பக்கத்தில் இரண்டு குட்டியும் போட்டுவிட்டது. பத்து வயது மகனுக்கும் முழங்காலில் ஒன்று தெரிகிறது. வேரோடு எடுக்க வீட்டிலேயே ஏதாவது வழி உண்டா?"

பதில்:

வழி உண்டு. ஆனால் முதலில் அந்த 'வேர்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் மருவோடு வந்தவர்களிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் செய்துகொண்ட காயங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லால் வந்தவை. வேர் இருக்கிறது என்று நம்புகிறவர் தோண்டத்தான் செய்வார்.

தோலில் மேல்தோல், அதற்கு அடியில் அடித்தோல் என்று இரண்டு அடுக்குகள். மரு முழுக்க முழுக்க மேல்தோலின் சமாசாரம். அது தடிக்கத் தடிக்க அடித்தோலை அமுக்கி இடம் பிடிக்குமே தவிர, அதைத் துளைத்துக்கொண்டு இறங்குவதில்லை. மருத்துவர் சுரண்டி எடுத்த மருவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று உருண்டையாக இருக்கும். வேரும் இல்லை, விழுதும் இல்லை. மருவின் மேலே மிளகுத்தூள் தூவியதுபோலத் தெரியும் கரும்புள்ளிகளைத்தான் பலர் வேர் என்றும் விதை என்றும் சொல்கிறார்கள். அவை அடித்தோலிலிருந்து மருவின் மடிப்புகளுக்குள் ஏறி நிற்கும் ரத்த நுண்குழாய்கள். உள்ளே ரத்தம் உறைந்து கறுத்திருக்கிறது. நீங்கள் வெட்டியபோது ரத்தம் நிற்காமல் வந்தது அந்தக் குழாய்களை அறுத்ததால்தான்.

அப்படியானால் மறுபடி முளைத்தது எப்படி? மரு ஒரு வைரஸ் தொற்று. 1907ஆம் ஆண்டிலேயே ஜூசெப்பே சியுஃபோ என்ற இத்தாலிய மருத்துவர், மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்த நீரைக் கொண்டே புதிய மரு உண்டாக்கிக் காட்டினார். அந்த வைரஸ் குடும்பத்தை இன்று எச்.பி.வி. என்கிறோம். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கைவிரல் மருவுக்குப் பெரும்பாலும் 2, 4, 27, 57 ஆகிய எண்களுள்ளவை காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் 16, 18 வேறு வகைகள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பின் வழியாக மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் செல்கள் வளர்ந்து மேலே வரவர அதுவும் பெருகி, உதிரும் செதிலோடு வெளியேறுகிறது. செல்லை வெடிக்கச் செய்வதில்லை, வீக்கம் உண்டாக்குவதில்லை. வந்த இடம் தெரியாமல் குடியிருப்பதால் உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதைக் கண்டுகொள்ளவே மாதங்கள் ஆகின்றன. உங்கள் நகவெட்டி செய்தது இரண்டு வேலைகள்: மருவின் மேல்பகுதியை மட்டும் அகற்றி அடிவரிசையை விட்டுவைத்தது, வைரஸ் நிறைந்த துணுக்குகளைப் பக்கத்துத் தோலில் புதுக் கீறல்களில் தடவியும் விட்டது. தொற்றியதற்கும் மரு தலைகாட்டுவதற்கும் நடுவே இரண்டு முதல் ஆறு மாதம் பிடிக்கலாம் என்பதால், குட்டிகள் தாமதமாக வந்தபோது உங்களுக்குத் தொடர்பு புரிந்திருக்காது. அந்த நகவெட்டியை இனி நகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மருந்துக்குப் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'மரு' என்று நாம் சொல்வது ஒரே பொருளை அல்ல. கழுத்திலும் அக்குளிலும் சின்னக் காம்போடு மெத்தென்று தொங்குவதையும் மரு என்கிறோம். அது வெறும் தோல் நீட்சி, வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீழே சொல்லப்போகும் அமிலத்தை அதன்மேல் வைத்தால் புண்தான் மிஞ்சும். மச்சத்தின் மேல் வைப்பது அதைவிட மோசம், ஏனெனில் ஆபத்தான மச்சத்தை மருத்துவர் அடையாளம் காண உதவும் தடயங்களை நீங்களே அழித்துவிடுவீர்கள். உள்ளங்காலில் வருவதைப் பலர் ஆணி என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் செருப்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கும். இதைவிட நம்பகமான அடையாளம் ரேகை. நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரல் ரேகைகள் மருவின் விளிம்பு வரை வந்து அங்கே நின்றுவிடும். மருவைச் சுற்றிப் போகும், உள்ளே ஓடாது. ஆணியிலோ ரேகை அதன் மேலேயே தொடரும். சொரசொரப்பான மேற்பரப்பு, கரும்புள்ளி, அறுந்த ரேகை, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மரு என்றே கொள்ளலாம்.

இனி மருந்து. வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் முதலில் சொல்வது சாலிசிலிக் அமிலம். பெயரில் அமிலம் இருந்தாலும் இது மருவை எரித்துப் போடும் சரக்கு அல்ல. இறந்த தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. செதில் செதிலாக உரித்தெடுக்க வழிசெய்கிறது. கூடவே அந்த இடத்தில் லேசான எரிச்சலையும் உண்டாக்குகிறது. அந்த எரிச்சல்தான் தூங்கிக்கொண்டிருக்கும் எதிர்ப்பு ஆற்றலைத் தட்டியெழுப்புகிறது என்று கருதப்படுகிறது. என் பார்வையில் மருந்து பாதி வேலையைச் செய்கிறது, தேய்ப்பது மீதிப் பாதியைச் செய்கிறது. தேய்க்காமல் வெறுமனே தடவிக்கொண்டிருந்தால் செத்த தோலுக்கு மேலேயே மருந்து ஊறிக் காய்ந்துபோகும்.

விரல் மருவுக்கு சுமார் 17 சதவீத அமிலம் கொலோடியன் என்ற பிசின் கரைசலில் கலந்து சின்னக் குப்பியில் கிடைக்கும். சிலவற்றில் லாக்டிக் அமிலமும் சேர்ந்திருக்கும். உள்ளங்கால் தோல் தடிமனானது என்பதால் அங்கே 40 சதவீதப் பிளாஸ்திரியும் பயன்படும். முகப்பருவுக்கான களிம்பிலும் இதே அமிலம்தானே என்று அதைத் தடவிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் 2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மருவுக்கு அது பன்னீர் தெளித்த மாதிரி.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். இரவு படுக்கும் முன் செய்வது வசதி. வெதுவெதுப்பான நீரில் விரலை ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். பத்து நிமிடம் என்றாலும் நல்லதுதான். ஊறிய மரு வெளுத்து, ஓரம் சற்றே உப்பி நிற்கும். அப்போது நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாக உரசுங்கள். ஈரமான சுண்ணாம்புத் துகள் போல வெள்ளைத் துணுக்குகள் வரும். அவ்வளவுதான் அன்றைய பங்கு. இளஞ்சிவப்பு தெரிந்தாலோ, ரத்தப்புள்ளி பனித்தாலோ அதிகம் போய்விட்டீர்கள் என்று பொருள். அந்த அட்டை மருவுக்கு மட்டுமே. நகத்துக்கும் கூடாது, வீட்டில் இன்னொருவர் தொடவும் கூடாது. வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகட்டும்.

பிறகு நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில், மருவின் மேல் படாமல், பெட்ரோலியம் ஜெல்லியை வளையமாகப் பூசுங்கள். பலர் இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் சுற்றுத்தோல் வெந்து சிவந்ததும் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். குப்பியின் மூடியில் உள்ள குச்சியாலோ, அது தடிமனாக இருந்தால் பல்குத்தும் குச்சியின் முனையாலோ ஒரு சொட்டு மட்டும் மருவின் நடுவில் வையுங்கள். நகப்பூச்சு வாடை வரும். ஓரிரு நிமிடத்தில் கொலோடியனில் உள்ள ஈதர் என்ற கரைப்பான் பறந்து, மேலே வெள்ளை ஏடு படியும். அது காய்ந்ததும் விருப்பமிருந்தால் மேலே சாதாரண ஒட்டுத்துணி ஒட்டலாம். மூடிவைத்தால் மருந்து இன்னும் ஊறும். மறுநாள் இரவு ஊறவைத்ததும் அந்த ஏட்டை உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். ஏட்டின் மேல் ஏடாகப் பூசிக்கொண்டே போவதில் பயனில்லை.

குப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. கொலோடியன் சட்டென்று தீப்பற்றும். அடுப்புக்கோ எரியும் விளக்குக்கோ பக்கத்தில் திறக்காதீர்கள். மூடியை இறுக்கி வைக்காவிட்டால் ஈதர் ஆவியாகி, உள்ளே இருப்பது கூழாகிவிடும். அதில் தண்ணீரோ சாராயமோ ஊற்றி இளக்கப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இதைப் பன்னிரண்டு வாரம் வரை செய்ய வேண்டியிருக்கும். பலரையும் தோற்கடிப்பது இந்த இடம்தான். முதல் வாரம் ஆர்வத்தில் இருமுறை, மும்முறை தடவிப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மூன்றாம் வாரம் "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுவார்கள். புண்ணாகிவிட்டால் நான்கைந்து நாள் ஓய்வு கொடுத்து, ஆறியதும் தொடருங்கள். ஒருநாள் மறந்துபோனால் குடி முழுகிவிடாது. மறுநாள் இரட்டிப்பாகத் தடவி ஈடுகட்டவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட மதிப்பாய்வு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருந்துச் சத்தே இல்லாத போலிப் பூச்சைவிட சாலிசிலிக் அமிலம் மேல் என்று முடிவுகட்டியது. ஆனால் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். 2010இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் பதின்மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, சாதாரண மரு உள்ளவர்களில் திரவ நைட்ரஜனால் உறையவைக்கப்பட்டோரில் 49 சதவீதத்தினருக்கும், அமிலம் பூசியோரில் 15 சதவீதத்தினருக்கும், சும்மா இருந்தோரில் 8 சதவீதத்தினருக்கும் மரு போயிருந்தது. உள்ளங்கால் மருவிலோ மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனில் உள்ளங்கால் மருவுக்கு மட்டும் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் அமிலத்துக்கும் உறையவைத்தலுக்கும் ஒரே விடைதான் கிடைத்தது: 14 சதவீதம். இவ்வளவு சுமாரான மருந்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இது மலிவு, வலிக்காது, தழும்பு விடாது, வீட்டிலேயே முடியும். பலிக்காவிட்டால் உறையவைக்கப் போகலாம்; அதற்குள் மேலிருந்த தடிப்பு குறைந்திருப்பதால் அந்தச் சிகிச்சைக்கும் வசதி.

ஒட்டு நாடாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குழாய்களுக்கும் பெட்டிகளுக்கும் சுற்றும் சாம்பல் நிற டக்ட் டேப்பைச் சொல்கிறேன். 2002இல் அமெரிக்காவில் 51 பேரிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வில், நாடா ஒட்டியவர்களில் 85 சதவீதத்தினருக்கும், உறையவைக்கப்பட்டவர்களில் 60 சதவீதத்தினருக்கும் குணமானது என்று வந்தது. உலகமே நாடாவை வாங்கி ஒட்டிக்கொண்டது. பிறகு நெதர்லாந்தில் பள்ளிக் குழந்தைகளிடம் பார்த்தபோது நாடாவுக்கு 16 சதவீதம், போலி ஒட்டலுக்கு 6 சதவீதம். பெரியவர்களிடம் 2007இல் பார்த்தபோது 21, 22 என்று இரண்டும் ஒன்றே. பின்னதில் பயன்படுத்திய நாடா வேறு தினுசு, அதனால்தான் பலிக்கவில்லை என்று வாதிடுவோரும் உண்டு. நான் நாடாவைத் தடுப்பதில்லை. ஊசிக்கும் எரிச்சலுக்கும் பயப்படும் குழந்தைக்குச் செய்துபார்க்கலாம். ஆறு நாள் ஒட்டி வைத்து, கழற்றி, ஊறவைத்துத் தேய்த்து, ஓர் இரவு காற்றாடவிட்டு மறுபடி ஒட்டுவது அந்த முதல் ஆய்வின் முறை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே உறையவைக்கும் சாதனங்களும் விற்கின்றன. மருத்துவமனையின் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. இந்த டப்பாக்களில் உள்ள டைமீதைல் ஈதர் கலவை மைனஸ் 57 டிகிரி அளவில்தான் வேலை செய்யும், தோலைத் தொடும்போது அந்தக் குளிர்ச்சியும் குறைந்துவிடும். சிறிய, புதிய மருவுக்குச் சரி. பலிக்கவில்லையே என்று சொன்ன நேரத்துக்கு மேல் அழுத்திப் பிடித்தால் நரம்புக்குத்தான் சேதம். விரலின் பக்கவாட்டில் நரம்புகள் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

சமையலறைச் சரக்குகளுக்கு வருவோம். வினிகர், பச்சைப் பூண்டு, செடிப்பால், சுண்ணாம்பு இவற்றால் போயிற்று என்று சாட்சி சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. குழந்தைகளின் மருவில் சுமார் பாதி ஒரு வருடத்திலும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்திலும் தானாகவே மறைந்துவிடும். மறைவதற்கு முந்தைய வாரம் எதைத் தடவினோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. கட்டி வைத்த வினிகரும் நசுக்கிய பூண்டும் தோலை வேகவைத்துக் கொப்புளமாக்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் அமிலத்தைவிடக் கெட்டவை. அமிலம் பட்ட இடத்தில் தோல் இறுகி, தனக்கே ஒரு தடுப்புப்போட்டுக்கொள்ளும். காரமோ தோலைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்கும். வலி தெரியும்போது காலம் கடந்திருக்கும். மருவாவது தழும்பில்லாமல் போகும். காரம் சுட்ட புண் அப்படிப் போகாது.

சிலர் வீட்டு வைத்தியமே செய்யக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள், காலில் ரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்தவர்கள், எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் நேரே மருத்துவரிடம் போகட்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கு சாலிசிலிக் அமிலமும் வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பிணிகள் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். முகம், உதடு, இமை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். முகத்திலோ காலிலோ தட்டையாகப் பொடிப்பொடியாக வந்திருந்தால், அதன்மேல் சவரக்கத்தி போனால் கத்தி போன வரிசையிலேயே புதிது கிளம்பும். சவரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த மரு, நகத்துக்கு அடியில் வளர்வது, தானாக ரத்தம் கசிவது, நிறம் மாறுவது, புண்ணாகி ஆறாமல் இருப்பது இவையெல்லாம் மருவே அல்லாமல் தோல் புற்றாகவும் இருக்கக்கூடும். காட்டிவிட வேண்டும்.

உங்கள் மூன்றில் ஏதாவது நகத்தை ஒட்டி இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதுதான் மிகப் பிடிவாதக்காரனாக இருக்கும். நகம் கடிக்கும் பழக்கமோ ஓரத்தோலைப் பிய்க்கும் பழக்கமோ இருந்தால் அதை நிறுத்தாமல் மருந்து போடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். நகத்தின் மடிப்புக்குள் மருந்து வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகம் முளைக்கும் இடம் கெட்டால் வரும் நகம் கோணலாகும். பன்னிரண்டு வாரத்தில் அசையாவிட்டால் மருத்துவர் உறையவைக்கலாம், மின்சாரத்தால் சுடலாம், மருவுக்குள் ஊசிபோட்டு எதிர்ப்பைத் தூண்டலாம். உறையவைத்தல் ஒரே தடவையில் முடியாது, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பலமுறை போக நேரிடும்.

மகனின் முழங்கால் மரு வலிக்கவில்லை, அவன் அதைப் பொருட்படுத்தவில்லை என்றால் நான் அதைத் தொடமாட்டேன். ஒன்றே ஒன்றுதான், பத்து வயதுதான். காலம் அவன் பக்கம். பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம். நீச்சலுக்குப் போனால் ஒட்டுத்துணி போட்டு மூடினால் போதும். துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும். இந்த வைரஸுக்கு வெளி உறை கிடையாது, உடலுக்கு வெளியேயும் தாக்குப்பிடிக்கும். அவன் வெட்கப்பட்டாலோ, அது பெருகத் தொடங்கினாலோ மேலே சொன்ன முறையை நீங்களே உங்கள் கையால் செய்துவிடுங்கள், அவனிடம் குப்பியைக் கொடுக்க வேண்டாம். செய்து முடித்ததும் கைகழுவ மறக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது? மேடு சமமானதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் அதே இடத்தில் திரும்பி வருகிறது. சமமான பிறகும் ஊறவைத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளி ஒன்றுகூட இருக்கக்கூடாது. விளிம்பில் நின்றுபோன விரல் ரேகை இப்போது மரு இருந்த இடத்தின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தடையில்லாமல் ஓட வேண்டும். அது தெரிகிற அன்று இரவு மருந்து வேண்டாம்.